மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை: நரம்புச் சிலந்தி நோயை ஊர் ஊராக எப்படி விரட்டினார்கள்?

கரிசல்மண் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்தில் அடுத்த மாதம் நரம்புச் சிலந்தி நோய் (கினிப் புழு நோய், தோலைத் துளைத்து நீளப் புழு வெளிவருவது) பற்றிப் பேச வேண்டும். 1986-ல் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலுமாகச் சுமார் 20 நாடுகளில் ஆண்டுக்கு 35 லட்சம் பேருக்கு இது வந்ததாக மதிப்பிட்டார்கள். 2024-ல் உலகம் முழுக்க 15 பேர்தான். பெரியம்மைக்குத் தடுப்பூசி இருந்தது, அதனால் அதை ஒழித்தது புரிகிறது. இதற்கு மருந்து கிடையாது, தடுப்பூசி கிடையாது, ஒருமுறை வந்தால் எதிர்ப்புசக்தியும் வருவதில்லை. ஆனாலும் முடிந்திருக்கிறது.

தேடிப் படித்ததில் எல்லாம் "மக்கள் பங்கேற்பு", "விழிப்புணர்வு" என்றே எழுதியிருக்கிறார்கள். எனக்கு வேண்டியது அதற்கும் கீழே உள்ள விவரம். ஊர் ஊராக இந்த வேலையைச் செய்த தன்னார்வலர் கையில் என்ன இருந்தது? என்ன அளவில் எதைச் செய்தார்? எங்கே தவறினால் மறுபடி வந்தது? கடைசியாக, பத்துப் பதினைந்து ஆண்டுகளாக இந்த எண்ணிக்கை ஏன் பூஜ்யத்தைத் தொடவே மாட்டேன் என்கிறது? தெரிந்தவர்கள் விவரமாகச் சொன்னால் நன்றாக இருக்கும்.

நுண்ணோக்கி

முதலில் புழுவின் ஓராண்டுக் கணக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லாம் அதிலிருந்து தானாக வரும்.

குளத்துத் தண்ணீரில் சைக்ளோப்ஸ் என்ற நீர்த்தெள்ளு இருக்கும். வளர்ந்தது ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர். கூர்ந்து பார்த்தால் வெறும் கண்ணுக்கே தெரியும். புழுவின் குஞ்சு நீரில் விழுந்தால் சில நாள்தான் உயிரோடு இருக்கும். அதற்குள் ஒரு சைக்ளோப்ஸ் அதை விழுங்க வேண்டும். விழுங்கிய பிறகு சுமார் இரண்டு வாரம் அதன் உடலுக்குள் வளர்ந்தால்தான் அது மனிதனுக்குத் தொற்றும் பருவத்தை அடையும். அந்தத் தண்ணீரை ஒருவர் குடிக்கும்போது, வயிற்று அமிலத்தில் சைக்ளோப்ஸ் சாகிறது, உள்ளே இருந்த குஞ்சு சாகாமல் குடல்சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியேறுகிறது. உடலுக்குள்ளேயே ஆணும் பெண்ணும் இணைகின்றன. ஆண் செத்துவிடும். பெண் 60 சென்டிமீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை நீண்டு, தோலுக்கடியில் நகர்ந்து, குடித்த நாளிலிருந்து 10 முதல் 14 மாதம் கழித்து வெளியே தலைகாட்டும். பத்தில் எட்டு ஒன்பது தடவை முழங்காலுக்குக் கீழேதான்.

இந்த 10 முதல் 14 மாதமும் நோயாளிக்கு எந்த அறிகுறியும் இருக்காது. எந்தப் பரிசோதனையிலும் முன்கூட்டிப் பிடிக்க முடியாது. பிறகு ஒருநாள் கணுக்கால் பக்கம் ஒரு கொப்புளம். தணலை வைத்துக் கட்டியதுபோல எரியும். எரிச்சல் தாங்காமல் காலைக் குளத்தில் வைப்பார்கள். வைத்த மாத்திரத்தில் கொப்புளம் உடைந்து, புழு லட்சக்கணக்கில் குஞ்சுகளைத் தண்ணீரில் பீய்ச்சும். பால் கலந்ததுபோல ஒரு வெண்மை அந்த இடத்தில் தெரியும். புழுவுக்கு வேண்டியது அந்த ஒரு நிமிடம். அந்தக் கால் தண்ணீருக்குள் போகாமல் தடுத்துவிட்டால் அந்தப் புழுவின் வம்சம் அங்கேயே முடிந்தது. மனிதருக்கு மனிதர் நேரடியாக ஒட்டாது, கொசு பரப்பாது, கிருமி மண்ணில் தங்கிக் காத்திருக்காது.

ஆக, வெட்டக்கூடிய இடங்கள் மூன்றுதான்: குடிக்கும் தண்ணீரில் சைக்ளோப்ஸ் இருக்கக்கூடாது, குளத்தில் உள்ள சைக்ளோப்ஸ் சாக வேண்டும், புழு வெளிவரும் ஆள் குளத்தில் இறங்கக்கூடாது. ஆழ்துளைக் கிணறு போட்டால் முதலாவது ஒரேயடியாகத் தீரும். ஆனால் ஆயிரக்கணக்கான சிற்றூர்களுக்கு அது வந்துசேரும்வரை காத்திருக்க முடியாது. அதனால்தான் தண்ணீரை வடிகட்டும் துணியும் புண்ணுக்குப் போடும் கட்டும் முன்னால் வந்தன.

மாலி நாட்டில் தோகோன் மக்கள் இதைக் காலிக் குதிரின் நோய் என்பார்கள். விதைப்புக் காலத்திலும் அறுப்புக் காலத்திலும் புழு வெளிவந்து ஆளைப் படுக்கவைத்துவிடும், அந்த ஆண்டு குதிரில் தானியம் சேராது. உயிரைப் பறிக்காத நோய்தானே என்று ஒதுக்கியவர்கள் இதைக் கணக்கில் எடுக்கவில்லை.

நூலிழை

வடிகட்டித் துணியைப் பற்றி நான் சொல்கிறேன். அங்கேதான் சின்னச் சின்னத் தவறுகள் அதிகம்.

ஆரம்பத்தில் சாதாரணப் பருத்தித் துணியைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். நெருக்கமாக நெய்த துணி என்றால் சைக்ளோப்ஸைப் பிடித்துவிடும். சிக்கல் என்னவென்றால், கலங்கல் தண்ணீரில் பருத்தி சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். ஒரு குடம் வடிய கால்மணி நேரம் ஆனால், வயலுக்குப் போகும் அவசரத்தில் எந்தப் பெண்ணும் வடிகட்ட மாட்டாள். அவளைக் குறை சொல்லவும் கூடாது. அதனால் ஒற்றை இழை நைலான் வலைத்துணி வந்தது. கண்ணின் அளவு சுமார் 100 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. எல்லாக் கண்ணும் ஒரே அளவு, தண்ணீர் சரசரவென்று இறங்கும், அழுக்கு ஒட்டாது, உதறினால் போய்விடும். நைலான் மட்டும் விலை கூடுதல் என்பதால் நடுவில் வட்டமாக நைலான், சுற்றிப் பருத்தி ஓரம் என்று தைத்துக் கொடுத்தார்கள்.

பயன்படுத்தும் முறையில் நான்கு இடத்தில் தவறு நடக்கும்.

துணிக்கு மேல்பக்கம், கீழ்ப்பக்கம் உண்டு. இன்று மேலே இருந்த பக்கத்தை நாளை கீழே போட்டால், பிடித்துவைத்த சைக்ளோப்ஸை நீங்களே குடத்துக்குள் கழுவி விடுகிறீர்கள். அதனால் ஒரு பக்கத்தில் அடையாளம் தைத்திருக்க வேண்டும். இதைச் சொல்லாமல் துணியை மட்டும் கொடுத்துவிட்டுப் போவது வீண்வேலை.

அடுத்தது இறுக்கம். குடத்து வாயில் துணியை இழுத்துக் கயிற்றால் கட்ட வேண்டும். தொய்ந்தால் துணி நடுவில் குழிந்து, வடிந்த தண்ணீரைத் தொடும். ஓரம் மடங்கினால் வடியாத தண்ணீர் பக்கவாட்டில் வழிந்து உள்ளே போகும்.

கிழிசல். வாரம் ஒருமுறை வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்க்க வேண்டும். ஊசித்துளை அளவு ஓட்டைகூடச் சைக்ளோப்ஸுக்குக் கோபுரவாசல். தன்னார்வலர் வீட்டுக்கு வரும்போது "வடிகட்டுகிறீர்களா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். "துணியைக் கொண்டு வாருங்கள், பார்ப்போம்" என்றுதான் கேட்க வேண்டும். ஈரமாக இருக்கிறதா, ஓட்டை இருக்கிறதா என்பது அப்போது தெரியும்.

நான்காவது, வீட்டுக்கு வெளியே குடிப்பது. வீட்டில் எவ்வளவு வடிகட்டினாலும், மாடு மேய்க்கப் போன பையன் குட்டையில் வாய்வைத்துக் குடித்தால் எல்லாம் போச்சு. அதற்காகத்தான் குழாய் வடிகட்டி செய்தார்கள். விரல்பருமன் பிளாஸ்டிக் குழாய், ஒரு முனையில் வலை, கழுத்தில் மாட்டக் கயிறு. உறிஞ்சிக் குடிக்க வேண்டியதுதான். சூடானில் மட்டும் லட்சக்கணக்கில் கொடுத்தார்கள். 2017-ல் எத்தியோப்பியாவில் ஒரு பெரிய பண்ணையில் கூலிவேலை செய்தவர்கள் வடிகட்டாத குட்டைத் தண்ணீரைக் குடித்து, அதிலிருந்து 15 பேருக்கு நோய் வந்தது. வேலைக்கு வரும் இடத்தில் தண்ணீர் யார் பொறுப்பு என்று யாரும் தீர்மானிக்காததன் விலை அது.

ஊருணிக்கரை

குளத்தில் இடும் மருந்து டெமிபாஸ். நம் ஊரில் டெங்குப் பணியாளர்கள் தொட்டியில் ஊற்றும் "அபேட்" என்றால் எல்லோருக்கும் தெரியும். அதேதான். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்ற அளவில் சைக்ளோப்ஸ் சாகும். அந்த அளவில் தண்ணீரின் நிறமும் ருசியும் மாறாது, குடிக்கலாம், மீனுக்கும் பாதிப்பில்லை.

கணக்கு எளிது. 50 சதவீதக் கரைசல் என்றால் ஒரு கன மீட்டர் தண்ணீருக்கு, அதாவது ஆயிரம் லிட்டருக்கு, 2 மில்லி. கஷ்டம் எல்லாம் குளத்தில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதில்தான். கயிறுபிடித்து நீளம், அகலம் அளக்கவும். முடிச்சுப்போட்ட கயிற்றில் கல்லைக் கட்டிக் குறைந்தது ஐந்து இடத்தில் ஆழம் பார்க்கவும். உதாரணத்துக்கு: நீளம் 24 மீட்டர், அகலம் 15 மீட்டர், ஆழம் 0.4, 0.9, 1.3, 0.9, 0.5. சராசரி 0.8. மொத்தம் 288 கன மீட்டர், மருந்து 576 மில்லி.

நடுவில் உள்ள 1.3-ஐ மட்டும் பார்த்துவிட்டுக் கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. 936 மில்லி ஊற்றிவிடுவார்கள். மறுநாள் தண்ணீர் வாடை அடிக்கிறது என்று ஊர் கூடிவிடும். அடுத்த முறை குளத்துப் பக்கமே விடமாட்டார்கள்.

மருந்தை நேரே ஊற்றக்கூடாது. ஒரு வாளிக் குளத்துத் தண்ணீரில் கலக்கி, கரையைச் சுற்றி நடந்தபடி எல்லாப் பக்கமும் படும்படி வீச வேண்டும். ஊர்மக்கள் தண்ணீர் எடுத்து முடித்த பின் மாலையில் செய்வது நல்லது. நோய் பரவும் பருவம் முழுக்க 28 நாளுக்கு ஒருமுறை திரும்பச் செய்ய வேண்டும், ஏனென்றால் சைக்ளோப்ஸ் மறுபடி பெருகிவிடும். நடுவில் பெருமழை பெய்து குளம் நிறைந்தால் பழைய கணக்கு செல்லாது, மறுபடி அளக்க வேண்டும்.

பருவம் இடத்துக்கு இடம் மாறும். சஹாரா விளிம்பில் உள்ள வறண்ட நாடுகளில் மழை பெய்து குட்டை நிறையும்போதுதான் பரவும். மழை அதிகமுள்ள தெற்குப் பகுதிகளில் நேர் எதிர்: கோடையில் நீர்நிலை சுருங்கி, இருக்கிற ஒரே குட்டையில் எல்லோரும் மொய்க்கும்போது பரவும். ஓடும் ஆற்றில் பெரும்பாலும் பயமில்லை, தேங்கிய நீரில்தான்.

நுண்ணோக்கி

@ஊருணிக்கரை ஒரு திருத்தம் சார். நீளம், அகலம், ஆழம் மூன்றையும் பெருக்குவது செவ்வகக் குளத்துக்குத்தான் பொருந்தும். பெரும்பாலான குட்டைகள் முட்டை வடிவம். பரப்பை 0.785-ஆல் பெருக்க வேண்டும். உங்கள் உதாரணத்தில் 360 சதுர மீட்டர் 283 ஆகிவிடும், தண்ணீர் 226 கன மீட்டர், மருந்து சுமார் 450 மில்லி.

ஊருணிக்கரை

சரிதான், ஒப்புக்கொள்கிறேன். கால்பங்குக்கு மேல் கூடுதலாக ஊற்றியிருப்போம். கரிசல்மண், பேச்சில் இந்தத் திருத்திய கணக்கையே சொல்லுங்கள்.

வெள்ளைக்கட்டு

மேலே சொன்னவர்கள் தண்ணீரைச் சொன்னார்கள். என் பார்வையில் இந்தத் திட்டத்தின் உயிர் "24 மணி நேரம்" என்ற விதியில் இருக்கிறது.

ஒரு நோயாளியை "கட்டுக்குள் வந்தார்" என்று பதிவேட்டில் எழுத, புழு வெளிவந்த 24 மணி நேரத்துக்குள் அவரைக் கண்டுபிடித்திருக்க வேண்டும். அதன்பின் அவர் எந்த நீர்நிலையிலும் இறங்கியிருக்கக்கூடாது. புழு முழுவதும் வெளியேறும்வரை தன்னார்வலர் தினமும் புண்ணைத் துடைத்துக் கட்டி, ஏன் தண்ணீரில் இறங்கக்கூடாது என்பதையும் சொல்லியிருக்க வேண்டும். ஏழு நாளுக்குள் மேற்பார்வையாளர் நேரில் வந்து பார்த்து, இது நரம்புச் சிலந்திதான் என்று உறுதிசெய்ய வேண்டும். இறங்கினாரா இல்லையா என்று சந்தேகம் வந்தால் அந்தக் குளத்தில் உடனே அபேட் இட்டாக வேண்டும். ஒன்று தவறினாலும் "கட்டுக்குள் வராதவர்" கணக்குத்தான். அப்படி எழுதுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அடுத்த ஆண்டு அதே மாதத்தில் எந்த ஊரை உற்றுப் பார்க்க வேண்டும் என்பதை அந்த ஒரு வரிதான் சொல்லும். பொய்யாக "கட்டுக்குள்" என்று எழுதினால் ஓராண்டு கழித்துப் புழுவே வந்து உண்மையைச் சொல்லிவிடும்.

புழுவை எடுக்கும் முறை பல நூற்றாண்டுப் பழசு, இன்றும் அதுவேதான். புண்ணைச் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். காலை ஒரு வாளித் தண்ணீரில் வைத்தால் புழு தன் குஞ்சுகளை அந்த வாளியிலேயே கொட்டிவிடும். அந்தத் தண்ணீரைக் குளத்திலிருந்து தள்ளி, காய்ந்த தரையில் ஊற்ற வேண்டும். பிறகு வெளியே தெரியும் முனையைச் சுருட்டிய காஸ் துணியிலோ மெல்லிய குச்சியிலோ சுற்றி, மெதுவாக இழுங்கள். வேகவைத்த சேமியா இழைபோல வெள்ளையாக, வழுவழுப்பாக வரும். ஒரு நாளைக்குச் சில சென்டிமீட்டர்தான். இழுவை இறுகினால் அந்த நொடியே நிறுத்திவிட்டு, குச்சியோடு சேர்த்துக் கட்டிவிட வேண்டும். கிருமிநாசினிக் களிம்பு, மேலே சுத்தமான காஸ் கட்டு, வலிக்கு பாராசிட்டமால். மறுநாள் மறுபடி. சிலருக்கு ஒரு வாரத்தில் முடியும், பலருக்குப் பல வாரம் இழுக்கும்.

அவசரப்பட்டு இழுத்தால் புழு அறுந்துவிடும். அறுந்த பாதி தோலுக்குள் சுருண்டு உள்ளே போய், சீழ்கட்டி, கால் முழுக்க வீங்கும். மூட்டருகே என்றால் மூட்டே முடங்கிப்போகலாம். புண் வழியே ரணஜன்னி (டெட்டனஸ்) வரும் ஆபத்தும் உண்டு, அதனால் டிடி ஊசி கட்டாயம். இந்த நோயால் வரும் பெரிய கேடெல்லாம் புழு அறுந்ததாலும் புண் அழுகியதாலும்தான்.

இன்னொன்று முக்கியம். "தண்ணீரில் இறங்காதே" என்று ஒரு தாயிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டால் ஆகாது. அவள் இறங்காவிட்டால் அந்த வீட்டுக்குத் தண்ணீர் யார் எடுப்பார்கள்? அவளுக்காகக் குடம் சுமக்க ஆளை ஏற்பாடு செய்வதும் தன்னார்வலர் வேலையின் பகுதி. கானா, தெற்கு சூடான் போன்ற இடங்களில் நோயாளியைத் தங்கவைத்து, சாப்பாடும் சிகிச்சையும் கொடுத்து, புழு முழுக்க வந்தபின் அனுப்பும் மையங்களையே நடத்தினார்கள். சாப்பாட்டுச் செலவு பெரிது என்று தோன்றும். ஒரு கால் ஒரு குளத்தில் இறங்கினால் அடுத்த ஆண்டு ஐம்பது பேருக்குக் கட்டுப்போட வேண்டிவரும்.

கரிசல்மண்

அனைவருக்கும் மிக்க நன்றி. பேச்சின் முக்கால்வாசி இங்கேயே கிடைத்துவிட்டது. இரண்டு சந்தேகம். இந்தியாவிலும் இதே துணியும் கட்டும்தானா? அப்புறம், அந்தக் கடைசிப் பத்துப் பதினைந்து பேர் ஏன் தீரவில்லை?

படித்துறை

இந்தியாவைப் பற்றி நான் சொல்கிறேன். இங்கே முக்கிய எதிரி படிக்கிணறு. ராஜஸ்தான், குஜராத் பக்கம் பல படிகள் இறங்கி, நீரில் காலை வைத்துக்கொண்டு குடத்தை முக்குவார்கள். நோயாளியின் காலும் குடிக்கும் தண்ணீரும் ஒரே படியில் சந்திக்கின்றன. புழுவுக்கு இதைவிட வசதி வேண்டுமா? அழகான கட்டடம்தான், ஆனால் இந்த நோய்க்குத் தொட்டில் அதுதான்.

1983-84-ல் தேசியத் திட்டம் தொடங்கியபோது ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், குஜராத், ஆந்திரம், கர்நாடகம், தமிழ்நாடு என ஏழு மாநிலங்களில் ஆண்டுக்குச் சுமார் 40,000 பேர் இருந்தார்கள். தமிழ்நாடு 1980-களின் தொடக்கத்திலேயே விடுபட்டுவிட்டது. மற்ற இடங்களில் படிகளை அடைத்து, கைப்பிடிச் சுவர் எழுப்பி, கயிறும் ராட்டினமுமாக இறைகிணறு ஆக்கினார்கள். நோய் இருந்த ஊர்களுக்குக் கைப்பம்பு போடுவதில் முன்னுரிமை கொடுத்தார்கள். துணி, அபேட், வீடுவீடாகத் தேடல் எல்லாம் கூடவே நடந்தன. கடைசி நோயாளி 1996 ஜூலையில் ஜோத்பூர் மாவட்டத்தில். அதோடு கடையைச் சாத்திவிடவில்லை. மூன்று ஆண்டுக்கு மேல் வதந்தி வதந்தியாகத் துரத்தி, தகவல் சொன்னால் பரிசு என்று அறிவித்து, ஒருவரும் இல்லை என்று நிரூபித்த பிறகுதான் 2000 பிப்ரவரியில் உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது.

கிணற்றைத் திருத்தினால் மட்டும் போதுமென்று நினைத்துவிட வேண்டாம். அதைப் பராமரிக்க வேண்டும். கானாவில் சவெலுகு என்ற ஊரில் குழாய்த் தண்ணீர் தடைப்பட்டது. மக்கள் பழைய அணைக்குட்டைக்குத் திரும்பினார்கள். ஒரே ஆண்டில், 2007 வாக்கில், பெரும் பரவல். பிறகு மறுபடி எல்லாவற்றையும் கட்டியெழுப்பி, 2010-ல் கடைசி நோயாளி, 2015-ல் சான்று.

இன்னும் பின்னால் போனால் உஸ்பெகிஸ்தானின் புகாரா நகரம். அங்கே ஊர்நடுவே கல்படிக்கட்டுக் குளங்கள். 1930-களின் தொடக்கத்தில் லியோனித் இசாயெவ் என்ற மருத்துவர் அந்தக் குளங்களை வற்றவைத்தும் தூர்த்தும், குழாய்த் தண்ணீர் கொண்டுவந்தும் நோயை அடியோடு நிறுத்தினார். சைக்ளோப்ஸ்தான் இடைத்தரகர் என்பதைக் கண்டுபிடித்தவரும் ரஷ்யர்தான், அலெக்ஸி ஃபெத்சென்கோ, 1870-ல்.

நுண்ணோக்கி

இரண்டாவது சந்தேகத்துக்கு என் பதில் நாய்.

சாட் நாட்டில் 2000 முதல் 2009 வரை ஒரு நோயாளியும் பதிவாகவில்லை. 2010-ல் திடீரென்று பத்துப் பேர். "நோய் இல்லை" என்பதற்கும் "யாரும் தேடவில்லை" என்பதற்கும் உள்ள வித்தியாசம் அங்கே தெரிந்தது. மற்ற நாடுகளில் ஒருவருக்கு வந்தால் அடுத்த ஆண்டு அதே குளத்தைச் சுற்றி ஒரு கூட்டத்துக்கே வரும். இங்கே ஆங்காங்கே ஒருவர் இருவராக, தொடர்பில்லாத ஊர்களில் வந்தது. 2012-ல் விடை கிடைத்தது: ஷாரி ஆற்றோர ஊர்களில் நாய்களின் காலிலிருந்து அதே புழு வந்துகொண்டிருந்தது. மரபணுவைப் பார்த்தாலும் மனிதரில் உள்ள அதே இனம். 2019-ல் சாடில் மட்டும் 1,900-க்கும் மேற்பட்ட நாய்கள்.

நாய் நக்கிக் குடிக்கும்போது சைக்ளோப்ஸ் பெரும்பாலும் விலகி ஓடிவிடும். அதனால் தண்ணீரைவிட மீன் வழியாகத்தான் போகிறது என்ற முடிவுக்கு வந்தார்கள். ஆற்றோரக் குட்டை வற்றும்போது கூட்டமாக மீன் பிடித்து, குடலை உருவிக் கரையில் எறிவார்கள், நாய் தின்னும். மீனுக்குள்ளும் தவளைக்குள்ளும் தொற்றுப் பருவக் குஞ்சு உயிரோடு தங்க முடியும். ஆக, இப்போது அங்கே தன்னார்வலரின் வேலையே மாறிவிட்டது. மீன்குடலை ஆழமாகக் குழிதோண்டிப் புதைக்க வேண்டும், நாய்க்குப் பச்சை மீன் போடக்கூடாது, மனிதரும் மீனை நன்றாக வேகவைத்தே சாப்பிட வேண்டும், புழு உள்ள நாயைக் கட்டிப்போட்டு வடிந்த தண்ணீரும் தீனியும் கொடுக்க வேண்டும். கட்டிப்போட்ட நாய்க்குத் தீனி போடுவது ஏழை வீட்டுக்குப் பாரம், அதனால் தகவல் சொல்பவருக்கும் நாயைக் கட்டிவைப்பவருக்கும் பணம் கொடுக்கிறார்கள். பலன் கிடைத்திருக்கிறது, சில ஆண்டுகளிலேயே சில நூறாக இறங்கியது.

நாய் மட்டும் காரணமில்லை. எத்தியோப்பியாவின் கம்பேலா பகுதியில் பபூன் குரங்குகளிலும் உண்டு. அவற்றை யார் கட்டிப்போடுவது? குளத்தில் அபேட் இடுவதைத் தவிர அங்கே வழியில்லை. தெற்கு சூடானில் மாடுகளோடு இடம்பெயரும் இளைஞர்கள் ஆண்டில் எத்தனையோ குட்டையில் குடிப்பார்கள், எங்கே வாங்கினார்கள் என்று தேடிப்பிடிப்பதே பெரும்பாடு. மாலியில் 2012-க்குப் பிறகு சண்டையால் பல இடங்களுக்குள் நுழையவே முடியவில்லை. 1995-ல் சூடான் உள்நாட்டுப் போரின் நடுவே, இந்த நோய்க்காகவே முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் முயற்சியில் பல மாதம் போரை நிறுத்தினார்கள். அந்த இடைவெளியில் ஆயிரக்கணக்கான ஊர்களுக்குத் துணி போய்ச் சேர்ந்தது. இன்று அப்படி ஒரு நிறுத்தம் எங்கும் கிடைக்கவில்லை என்பது நெஞ்சை அறுக்கிறது.

வெளிவந்த ஒவ்வொரு புழுவையும் இப்போது ஆல்கஹாலில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். தசைநாரையும் வேறு புழுக்களையும் நரம்புச் சிலந்தி என்று தவறாக எண்ணிவிட வாய்ப்புண்டு. எண்ணிக்கை பத்துப் பதினைந்தில் இருக்கும்போது ஒரு தவறான புழுவும் ஒரு மாவட்டத்தையே அலைக்கழிக்கும்.

கரிசல்மண்

நாய் விஷயம் எனக்கு முற்றிலும் புதிது. கடைசியாக ஒன்று. வாசகர் வட்டத்தில் நிச்சயம் கேட்பார்கள்: இதே வழியில் யானைக்கால் நோயையும் ஒழிக்க முடியாதா?

வெள்ளைக்கட்டு

வழி வேறு. யானைக்காலில் பரப்புவது கொசு. நோயில்லாதவர்போலத் தெரிபவரின் ரத்தத்திலும் நுண்புழு இருக்கும், வெளியே எதுவும் தெரியாது. யாரைக் கட்டுக்குள் வைப்பது? அதனால் அங்கே ஊர் முழுக்க எல்லோருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை மாத்திரை. டிஇசி என்ற புழுக்கொல்லி மாத்திரை வயதுக்கு ஏற்ப: 2 முதல் 5 வயது 100 மில்லிகிராம், 6 முதல் 14 வரை 200, அதற்கு மேல் 300. கூடவே அல்பெண்டசோல் 400. இரண்டு வயதுக்குக் கீழே, கர்ப்பிணிகள், கடும் நோயாளிகளுக்குக் கிடையாது. வெறும் வயிற்றில் போடக்கூடாது. மொத்த மக்கள்தொகையில் 65 சதவீதம் பேராவது விழுங்க வேண்டும். விழுங்க வேண்டும் என்கிறேன், வாங்க வேண்டும் என்று சொல்லவில்லை. கையில் கொடுத்துவிட்டு வந்த மாத்திரை அலமாரியில் தூங்கும். கண்முன்னே விழுங்கவைத்தால்தான் கணக்கு. இலங்கை 2002 முதல் 2006 வரை ஐந்து சுற்று ஒழுங்காகக் கொடுத்து, பிறகு பல ஆண்டு ரத்தம் பார்த்து உறுதிசெய்து, 2016-ல் சான்று வாங்கியது.

நூலிழை

கரிசல்மண், பேச்சோடு செய்துகாட்ட ஒரு யோசனை. ஊருணியிலோ பாசிபிடித்த தொட்டியிலோ ஓரத்துத் தண்ணீரை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் எடுங்கள். கருப்புத் துணியைப் பின்னால் வைத்து, பக்கவாட்டில் டார்ச் அடித்தால், வெள்ளைப் புள்ளிகள் விட்டுவிட்டுத் துள்ளுவது தெரியும். வாலருகே இருபக்கமும் இரண்டு முட்டைப்பை தொங்கினால் அது பெண் சைக்ளோப்ஸ். கையில் லென்ஸ் இருந்தால் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள். நம் ஊர்த் தண்ணீரில் புழு கிடையாது, பயமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பிறகு பழைய பருத்திப் புடவைத் துணியை நான்காக மடித்து இன்னொரு பாட்டில் வாயில் இறுக்கிக் கட்டி, அந்தத் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். வடிந்த தண்ணீரில் டார்ச் அடித்தால் துள்ளல் எதுவும் இருக்காது. இப்போது துணியை அவிழ்த்து, தலைகீழாகக் கவிழ்த்து, வெள்ளைத் தட்டில் கொஞ்சம் நல்ல தண்ணீர் விட்டு அலசுங்கள். தட்டில் எல்லாம் மறுபடி துள்ளும். துணியின் மேல்பக்கத்தில் ஏன் அடையாளம் தைத்தார்கள் என்று அப்போது கேட்டுப் பாருங்கள், பிள்ளைகளே சொல்வார்கள்.